வீட்டுக்குள் பூனை வளர்ப்போர் அறிய வேண்டியவை

அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளியே செல்லாமல் வளரும் பூனை, நோயுற்ற பிற விலங்குகளுடன் சண்டையிடுவதும் எலிகளை வேட்டையாடி உண்பதும் அரிது. எனவே அதனிடமிருந்து வீட்டிலுள்ளோருக்கு நோய் பரவும் வாய்ப்பும் குறைவு. எனினும், "வீட்டுப் பூனைதானே" என்று கீறலை அலட்சியம் செய்வதும், கருவுற்ற பெண் இருப்பதால் அச்சத்தில் பூனையை வெளியேற்றுவதும் சரியல்ல.

பூனை கடித்தால் அல்லது கீறினால்

ரேபிஸ் எனப்படும் வெறிநோய் நாயினால் மட்டுமன்றிப் பூனையினாலும் பரவும். அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் நோயைத் தடுக்கலாம்.

• காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவவும்.
• மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றைத் தடவக் கூடாது.
• பூனைக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தாலும், அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்.
• பூனையை 10 நாட்கள் கண்காணிக்கவும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

பூனையின் பற்கள் கூர்மையானவை. வெளியே சிறிதாகத் தெரியும் கடி, உள்ளே ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கக்கூடும். வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

கருவுற்ற பெண்கள்

டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கர்ப்பகாலத்தில் தொற்றினால், கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். பூனை முதன்முறை தொற்றுக்கு உள்ளாகும்போது சில வாரங்கள் மட்டுமே இக்கிருமி அதன் மலத்தில் வெளியேறும். வெளியேறிய மலம் தொற்றும் தன்மை பெற 1 முதல் 5 நாட்கள் ஆகும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்வதே முக்கியப் பாதுகாப்பு.

• இப்பணியைக் குடும்பத்தின் பிற உறுப்பினர் செய்வது நல்லது. இயலாவிடில் கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கை கழுவவும்.
• பூனைக்குப் பச்சை இறைச்சி தர வேண்டாம்.
• சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்ட மண் வழியாகவும் இத்தொற்று வரும். பூனையை அகற்றினாலும் இவற்றில் கவனம் தேவை.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கும் இவை பொருந்தும்.

பூனையின் நலன்

பூனைக்கு மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் கால இடைவெளியில் தொடரவும். சன்னல்களிலும் பால்கனியிலும் உறுதியான வலை அமைக்கவும். பூனை தவறி விழுவதையும், வெளியேறித் தெரு விலங்குகளுடன் சேர்வதையும் அது தடுக்கும்.