சிறு கமராவும் லயத்தின் ஒளியும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

I

கலை இலக்கிய ஆய்விலே கருவிகளைப் பற்றிய பேச்சு அரிதாகவே இடம்பெறுகின்றது. ஆக்கங்களின் உள்ளடக்கம், உருவம், அவற்றைத் தோற்றுவித்த சமூகப் பின்னணி என்பன விரிவாக ஆராயப்படுகின்றன. ஆயின் அவை எந்தக் கருவியினால், எந்த விலைக்கு, எவர் கையால் ஆக்கப்பட்டன என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அச்சியந்திரத்தின் வருகையை விட்டுவிட்டுத் தமிழ் நாவலின் தோற்றத்தை விளக்கமுடியாது என்பதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். நிழற்படத்தைப் பொறுத்தவரையில் அதே நியாயத்தை ஏனோ மறந்துவிடுகிறோம்.

இக்கட்டுரை சட்டைப் பைக்குள் அடங்கும் மலிவான டிஜிட்டல் கமராவைப் பற்றியது. அக்கருவியை வாங்குவோர் எதனைப் பெறுகின்றனர், எதனை இழக்கின்றனர் என்பதே நமது வினா. இதனைப் பொதுப்பட எழுப்புவதிலும் பார்க்கக் குறித்த ஒரு சமூகச் சூழலில் வைத்து எழுப்புவதே பயனுடையது. ஆதலின் பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களை நமது களமாகக் கொள்கிறோம். வெளியார் வந்து படமெடுத்துச் செல்லும் வழக்கம் மலையகத்தில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உடையது. தோட்டத்தில் வாழ்வோர் தம்மைத் தாமே பரவலாகப் படமெடுக்கத் தொடங்கியதோ அண்மைக் காலத்திலேயாகும். அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது கருவியின் மலிவு. அம்மலிவு எதை விட்டுக்கொடுத்துப் பெறப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ளாவிடின், அதனாற் கிடைத்த படங்களையும் நாம் சரிவர வாசிக்கமாட்டோம்.

II

மலிவுக் கமரா புதிய பொருளன்று. 1900 ஆம் ஆண்டிற் கொடாக் நிறுவனம் ஒரு டொலருக்கு விற்ற பிரௌனி என்னும் பெட்டிக் கமரா, நிழற்படத்தைச் செல்வர் இல்லங்களிலிருந்து சாதாரண குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. 1972 இல் அந்நிறுவனம் சட்டைப் பைக் கமராவையும், 1982 இல் வட்டத் தகடு போன்ற படலத்தைக் கொண்ட டிஸ்க் கமராவையும் சந்தைக்கு விட்டது. டிஸ்க் கமராவின் ஒவ்வொரு படச்சட்டமும் ஏறத்தாழ 8 மில்லிமீற்றருக்கு 10 மில்லிமீற்றர் அளவினதே. கருவி தட்டையாயிற்று, படமோ மணல் தூவியது போலப் பொரிந்து தோன்றிற்று. மக்கள் அதனை விரைவிற் கைவிட்டனர்.

1975 இல் ஸ்டீவன் சாசன் என்னும் கொடாக் பொறியியலாளர் அமைத்த முதல் டிஜிட்டல் கமரா பத்தாயிரம் புள்ளிகளைக் கொண்ட ஒரு படத்தைப் பதிவுசெய்ய 23 விநாடிகள் எடுத்தது. 2000 ஆம் ஆண்டையடுத்த பத்தாண்டிற் சிறு டிஜிட்டல் கமராக்கள் உலகெங்கும் பெருகின. கமராத் தொழிற்றுறையின் கணக்கின்படி 2010 இற் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள் 12 கோடிக்கு மேற்பட்டவை. 2023 இல் அத்தொகை 80 இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. கமராவின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டமையே காரணம். எனினும் மலிவான தொலைபேசியின் கமராவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாதலின், கீழே கூறப்படுவனவற்றிற் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

III

சிறு கமராவில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது ஒளியாகும். பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருளின் ஒரு சட்டம் 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர். பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். சிறு டிஜிட்டல் கமராவில் ஒளியை ஏற்கும் உணரியின் பரப்பு பெரும்பாலும் 25 முதல் 28 சதுர மில்லிமீற்றர் வரையானது. அதாவது முன்னையதன் முப்பதில் ஒரு பங்கு. உணரி சிறிதாகும்போது வில்லையும் சிறிதாகலாம். வில்லை சிறிதானாற் கருவி மெலிதாகலாம். ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து அதிக உணரிகளை வெட்டியெடுக்கலாமாதலின் விலையும் குறையும். மலிவுக்கும் மெலிவுக்கும் மூலம் இதுவே.

ஒளி தனித்தனித் துகள்களாக வந்து விழுவது. தூறல் வேளையில் முற்றத்திலே ஓர் அண்டாவையும் ஒரு தேநீர்க் கோப்பையையும் வைத்தால், அண்டாவில் விழும் துளிகளின் தொகை நிமிடத்துக்கு நிமிடம் பெரிதும் மாறுபடாது. கோப்பையில் ஒருமுறை மூன்று துளி விழும், மறுமுறை ஏழு விழும். உணரியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் இத்தகைய ஒரு பாத்திரமே. பத்தாயிரம் ஒளித்துகள்களைப் பெறும் புள்ளியில் இயல்பான ஏற்றத்தாழ்வு நூறளவில், அதாவது நூற்றுக்கு ஒன்றாக இருக்கும். நூறு துகள்களை மட்டும் பெறும் புள்ளியில் அது பத்தாக, அதாவது நூற்றுக்குப் பத்தாக உயரும். இருண்ட பகுதிகளிற் காணப்படும் புள்ளிப் புள்ளியான பொரிவுக்கு இதுவே காரணம். இதனை மறைப்பதற்குக் கமராவின் உள்ளேயுள்ள கணிப்பொறி படத்தை மெழுகிவிடுகிறது. பொரிவு குறைகிறது, அதனுடன் முகச் சுருக்கங்களும் சேலையின் இழைகளும் மறைந்துபோகின்றன.

விற்பனையாளர் மெகாபிக்சல் என்னும் எண்ணையே முன்னிறுத்துவர். அது பாத்திரங்களின் தொகையைக் குறிக்குமேயன்றி விழும் மழையின் அளவைக் குறிக்காது. குறித்த பரப்பிற் பாத்திரங்களைப் பெருக்கினால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும். சந்தை எப்போதும் எண்ணக்கூடிய பண்பையே விளம்பரப்படுத்துகின்றது. பயன்படுத்துவோன் அனுபவத்தினால் மட்டும் அறியக்கூடிய பண்பை மறைக்கின்றது.

தூரத்துப் பொருளை அருகிற் கொண்டுவரும் வசதியும் இவ்வாறானதே. சிறு வில்லையின் துவாரம் அகன்ற காட்சிக்கு 2.8 என்னும் அளவில் இருக்குமாயின், முழுமையாக நீட்டியபின் அது 5.6 ஐ ஒட்டிச் சுருங்குவது வழக்கம். அப்போது உணரியின்மேல் விழும் ஒளி நாலில் ஒன்றாகிவிடும். எதிர்மலையிற் கொழுந்தெடுப்போரைப் பாதையில் நின்றபடியே அருகிழுத்து எடுத்த படம் கலங்கிப்போவதற்குக் கையின் நடுக்கம் மட்டும் காரணமன்று.

IV

இனி இக்கருவியை லயத்துக்குள் கொண்டுசெல்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி எனப் பொதுவாகக் கூறப்படும் லயக் காம்பரா, முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டப்பட்ட வரிசையில் உள்ளதாயிற் பின்பக்கத்தில் ஒளிவழி அறவே அற்றது. முன்னே ஒரு கதவு, சிறிய சாளரம். விறகுப் புகையாற் கருத்த சுவரும் கூரையும். நண்பகலிலும் உள்ளே மங்கலே. இங்கு சிறு கமரா இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிந்தாகவேண்டும். ஒளியை நீண்டநேரம் சேகரிக்க முயன்றால் ஆட்களின் அசைவு படத்தைக் குலைக்கும். பிளாஷ் விளக்கை எரித்தால் அருகிலுள்ள முகம் வெளிறிப்போக, பின்னேயுள்ள அறை முழு இருளில் ஆழும். முன்னைய படத்தில் மனிதர் தெளிவில்லை. பின்னைய படத்தில் அவர் வாழும் இடம் இல்லை.

வெளியிலும் சிக்கல் தீர்வதில்லை. நமுனுகுலைச் சாரலில் அல்லது ஹப்புத்தளைக் கணவாயில் மூடுபனி கவிந்த காலைவேளையில் வானம் பாலாக வெளுத்திருக்கும். கமராவின் தானியங்கி அளவுமானி காட்சி முழுவதையும் நடுத்தரமான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலுமாதலின், வெண்பனிக்கு எதிரே நிற்கும் கருநிற முகம் வெறும் நிழலுருவாகிவிடும். பெரிய உணரியாயின் நிழலிலிருந்து முகத்தை ஓரளவு மீட்கலாம். சிறியதில் மீட்பதற்கு அதிகம் எஞ்சுவதில்லை.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு முக்கியமானது. மலிவுக் கமரா நன்கு இயங்குவது நல்ல வெளிச்சமுள்ள வீட்டிலும் வெயில் படர்ந்த கடற்கரையிலுமாகும். அதை விட்டால் வேறு கருவி வாங்க இயலாதோர் வாழும் இடங்களோ பெரும்பாலும் இருண்டவை. விலையைக் குறைப்பதற்காகக் கைவிடப்பட்ட ஒளியின் குறைவு அவர்களது படத்திலேயே அதிகமாகத் தெரிகின்றது. கருவியின் இயல்பு எல்லோர்க்கும் பொது. அதன் குறைபாட்டைச் சுமப்போர் எல்லோருமல்லர்.

மலிவு என்பதையும் அளந்தே பேசவேண்டும். 2025 இற் கொடாக் பெயரில் வெளிவந்த சார்மெரா என்னும் சாவிக்கொத்துக் கமராவின் விலை ஏறத்தாழ 30 அமெரிக்க டொலர். எடை 30 கிராம். உணரியோ 35 மில்லிமீற்றர் சட்டத்தின் நூறில் ஒரு பங்களவே. மேல்நாட்டில் அது விளையாட்டுப் பொருள். 2024 செப்ரெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு டொலர் 300 ரூபாய் எனக் கொண்டால், வரியும் அனுப்புசெலவும் நீங்கலாகவே அது ஏறத்தாழ ஏழு நாட் கூலியாகும்.

V

எனினும் குறைகளை மட்டும் எண்ணி அமைவது ஒருதலைப்பட்சமாகும். சிறு உணரி தரும் ஒரு பண்பு ஊன்றி நோக்கத்தக்கது. பெரிய கமராவில் முகத்தைத் தெளிவாக்கிப் பின்னணியைக் கலங்கச் செய்வது எளிது. அதுவே கலையழகு எனவும் போற்றப்படுகிறது. சிறு கமரா அதைச் செய்ய இயலாதது. கொழுந்துக் கூடையும் பின்னேயுள்ள மலையும், பாட்டியின் முகமும் அவர் சாய்ந்திருக்கும் சுவரின் வெடிப்பும் அதிற் சமமான தெளிவுடன் பதிகின்றன. மனிதரை அவர்தம் சூழலிலிருந்து பிரித்துக் காட்டும் அழகியலுக்கு இது குறைபாடு. மனிதரைச் சமூக உறவுகளினூடே காணவேண்டும் என்னும் யதார்த்தவாத நோக்குக்கோ இது துணை. பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் போன்ற எழுத்தாளர் கதைமாந்தரை லயத்தினின்றும் பிரிக்காது காட்டியமையை இங்கு ஒப்புநோக்கலாம்.

இதன் பெறுமதியை உணரப் பழைய படங்களை நினைவுகூரவேண்டும். புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1875 இல் இலங்கை வந்து 1879 இல் இங்கேயே இறந்தார். அவர் கணவர் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளர். கமரன் இங்கு எடுத்த படங்களிலுள்ள தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் பெயரற்றவர்கள். அக்காலத்து வணிகப் படநிலையங்கள் விற்ற தோட்டக் காட்சிகளிலும் கொழுந்தெடுக்கும் பெண் ஓர் இனத்தின் மாதிரியாக மட்டும் நிற்கிறாள். பிற்காலத்தில், 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டும் என்று எண்ணப்பட்டபோது, தொழிலாளரின் முகத்துக்கு அரசாங்கத் தேவை ஒன்று ஏற்பட்டது. கடவுச்சீட்டுக்கு எடுத்த படமே, பிரிந்துசென்ற உறவினரைப் பற்றி எஞ்சிய ஒரே படமாகப் பல குடும்பங்களில் உள்ளது. முதலில் தோட்ட உரிமையாளரின் கண். பின்னர் அரசின் கண். மகள் தாயைத் தன் விருப்பத்தின் பேரிற் படமெடுப்பது மூன்றாவது கட்டம். படச்சுருளை வாங்கவும் கழுவவும் பட்டணத்துப் படநிலையத்துக்கு இருமுறை பஸ் ஏறவேண்டியிராத காலத்திலேயே அது பரவலாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு தொழிற்சாலையின் படம் அங்கு நிலவும் உற்பத்தி உறவுகளைப் பற்றி ஏறத்தாழ எதனையும் கூறுவதில்லை என்னும் பிரெக்ற்றின் கருத்தை வால்ற்றர் பெஞ்சமின் 1931 இல் எழுதிய நிழற்பட வரலாற்றுக் கட்டுரையில் எடுத்தாண்டார். கமரா எவர் கையில் இருப்பினும் இது பொருந்தும். படத்தோடு சொல்லும் சேரவேண்டும்.

VI

இறுதியாக நோக்கவேண்டியது காலம். டிஜிட்டற் படமெடுப்பது மலிவு, பேணுவதோ மலிவன்று. படச்சுருளின் எதிர்ப்படம் தகரப் பெட்டிக்குள் ஐம்பது ஆண்டு கிடந்தாலும் வெளிச்சத்திற் பிடித்தாற் தெரியும். நினைவட்டை பழுதானால் அதிலிருந்த யாவும் ஒருங்கே அழியும். சிறு கமராக்களில் வேறொரு நுண்ணிய குறையும் உண்டு. பற்றரியை நீண்டநாள் கழற்றி வைத்தாலோ முற்றாகத் தீரவிட்டாலோ உள்ளேயுள்ள கடிகாரம் தொடக்கத் திகதிக்குத் திரும்பிவிடும். அதன்பின் எடுத்த படங்களெல்லாம் பொய்த் திகதியைத் தாங்கி நிற்கும்.

இது அற்ப விடயமன்று. 2014 ஒக்ரோபர் 29 ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழவேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் உயிர்களை இழந்தது. சுவரிலோ நிலத்திலோ தோன்றும் வெடிப்பு விரிகிறதா என்பதை அறிய, ஒரே இடத்தில் நின்று, வெடிப்பின் அருகே அடிக்கோலையோ ஒரு நாணயத்தையோ வைத்து, மாதந்தோறும் எடுத்த படங்கள் போதும். பகல் வெளிச்சம், அருகிலுள்ள பொருள், அசையாத காட்சி ஆகிய மூன்றும் மலிவுக் கமராவுக்கு ஏற்றவை. ஆயின் திகதி பொய்யானால் அப்படங்களை ஆதாரமாகக் காட்டுதல் அரிது. தம் இருப்பிடத்தின் அபாயத்தை நிறுவவேண்டிய குடும்பத்துக்கு இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

எனவே, கருவியின் குறைகளை அறிந்து பயன்படுத்தும் பயிற்சியை நாம் வலியுறுத்துகிறோம். லயத்தினுள் எடுப்போர் பிளாஷ் விளக்கை அணைத்து, ஆளைக் கதவோரம் பக்கவாட்டில் இருத்தி, கமராவைப் பெட்டியொன்றின்மீது அசையாது வைத்து எடுக்கலாம். பனிக்காலையில் வானத்தைச் சட்டத்துக்கு வெளியே விட்டு, தேயிலைச் சரிவைப் பின்னணியாகக் கொள்ளலாம். உருப்பெருக்குவதற்குப் பதிலாக நடந்து நெருங்குவதே மேல். ஒவ்வொரு முறையும் திகதியைச் சரிபார்த்தல் வேண்டும். சிறந்த சில படங்களையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறத்திற் பெயர், தோட்டம், டிவிசன், நாள், எடுத்தவர் ஆகிய விபரங்களை எழுதி வைத்தல் அவசியம்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதிற் கடமை உண்டு. நாட்டார் பாடல்களைத் தேடித் தோட்டங்களுக்குச் செல்லும் மாணவர், அங்குள்ள குடும்பப் படங்களையும் உரியோர் சம்மதத்துடன் பிரதிசெய்து, படத்திலிருப்போரின் பெயரை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதியலாம். கலங்கலான படம் என்று எதனையும் ஒதுக்கிவிடலாகாது. கமரனின் படங்களில் முகங்கள் உள்ளன, பெயர்கள் இல்லை. இன்றைய சிறு கமராப் படங்களிலுள்ளோரின் பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களைக் கேட்டெழுதும் பணியை அடுத்த களப்பயணத்திலேயே தொடங்குதல் வேண்டும்.