பாரம் தூக்குவதும் ஒரு பொழுதுபோக்குத்தான்

புத்தூர்ப் பெண்களுக்குப் பாரம் தூக்குவது புதிய விடயமல்ல. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக் கட்டித் தூக்குவதும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமப்பதும், விறகுக் கட்டைத் தலையில் வைத்து நடப்பதும் எங்கள் தாய்மாரின் நாளாந்த வேலைகள். 1995 ஒக்டோபரில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு கையில் உடுப்புப் பையும் தலையில் சட்டி பானையுமாக நடந்தவர்கள் இன்றும் எங்களிடையே இருக்கிறார்கள். அந்தப் பாரங்களை எவரும் விரும்பித் தூக்கவில்லை. இங்கே நான் எழுத வந்தது, ஒரு பெண் தனக்காக, தான் விரும்பித் தூக்கும் பாரத்தைப் பற்றி.

வலுத்தூக்கல் என்றொரு விளையாட்டு இருக்கிறது. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் பளுதூக்கல் வேறு, இது வேறு. பளுதூக்கலில் பாரத்தைத் தலைக்கு மேலே கொண்டு போக வேண்டும். மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 2021இல் டோக்கியோவில் வெள்ளிப் பதக்கம் பெற்றது அதில்தான். சிறுவயதில் விறகு சுமந்த பிள்ளை அவர். வலுத்தூக்கலில் தலைக்கு மேலே எதுவும் போவதில்லை. தோளில் பாரத்தை வைத்துக் குந்தி எழும்புவது ஸ்குவாட். வாங்கில் மல்லாந்து படுத்து, பாரத்தை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். நிலத்தில் கிடப்பதைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது டெட்லிப்ட். இந்த மூன்றும்தான் முழு விளையாட்டும். குந்துதல், தள்ளுதல், தூக்குதல் என்று சொன்னால் எங்கள் குசினியிலும் வளவிலும் நடக்காத அசைவு இதில் ஒன்றுமில்லை. சர்வதேச வலுத்தூக்கல் சம்மேளனம் 1972இல் உருவானது. பெண்களுக்கான முதலாவது உலகப் போட்டி 1980இல் அமெரிக்காவில் நடந்தது.

இதைப் பெண்கள் கூட்டங்களில் சொன்னால் உடனே வரும் கேள்வி ஒன்றுண்டு. "நாள் முழுக்கத் தூக்கிறம் பிள்ளை, அதுக்கு மேலே என்னத்தைத் தூக்கிறது?" நியாயமான கேள்வி. காலை ஆறு மணியிலிருந்து தோட்டத்தில் குனிந்து நிற்பவருக்கு முதலில் வேண்டியது ஓய்வும் வயிறு நிறையச் சாப்பாடும்தான். அவருக்கு உடற்பயிற்சி பற்றி வகுப்பெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கூலி வேலையின் பாரத்துக்கும் பயிற்சியின் பாரத்துக்கும் வேறுபாடு உண்டு. கூலி வேலையில் ஒரே அளவு பாரத்தை, ஒரே பக்கத்துக்குச் சாய்ந்து, களைத்த பிறகும் தூக்குகிறோம். நாரி நொந்தாலும் நிறுத்த முடியாது. பயிற்சியில் ஐந்து தரம் தூக்கிவிட்டு மூன்று நிமிடம் இருக்கலாம். இரண்டு நாள் விட்டு மீண்டும் தூக்கலாம். அந்த இடைவெளியில்தான் தசை பலமாகிறது. எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது என்பதையும் நீங்களே தீர்மானிக்கிறீர்கள். எங்களில் பலருக்கு இது ஒன்றே பெரிய விடயம்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. அவுஸ்திரேலியாவில், எலும்புத் திணிவு குறைந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களின் சராசரி வயது 65. ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கக் கனமான பாரங்களைத் தூக்கினார்கள். ஸ்குவாட்டும் டெட்லிப்டும் அதில் இருந்தன. 2018இல் வெளிவந்த முடிவின்படி அவர்களது முதுகெலும்பின் திணிவு சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு ஒரு சதவீதம் அளவில் குறைந்தது. அதே 2018இல் 33 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று, இவ்வகைப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைப்பதாகவும் கண்டது. அதற்காக உளவளத்துணையையோ மருந்தையோ நிறுத்திவிடாதீர்கள். இது அவற்றோடு சேர்த்துச் செய்வது.

வயது போய்விட்டது என்பவர்களுக்கு, அமெரிக்காவின் புளோரிடாவில் வாழ்ந்த ஈடித் மர்வே டிரெய்னா என்ற அம்மையாரைச் சொல்லலாம். முன்னர் நடன ஆசிரியையாக இருந்தவர். 91 வயதில் ஒரு சிநேகிதியோடு பயிற்சி நிலையத்துக்குப் போனார். 98 வயதிலும் போட்டியில் நின்று, மிகவும் வயது முதிர்ந்த வலுத்தூக்கல் வீராங்கனை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். இந்த விளையாட்டில் 40 வயதுக்கு மேல் தனிப் பிரிவு தொடங்குகிறது. பிறகு 50, 60, 70 என்று போகும்.

கால் இழந்த சகோதரிகளுக்கும் இதில் இடம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான வலுத்தூக்கலில் பெஞ்ச் பிரஸ் மாத்திரம்தான். 2000ஆம் ஆண்டு சிட்னி பராலிம்பிக்கிலிருந்து பெண்களும் அதில் பங்குபற்றுகிறார்கள். மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த சகினா காத்தூன் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் வெண்கலம் பெற்றார். ஏழு ஆண்டுகள் கழித்து டோக்கியோ பராலிம்பிக்கில் ஐந்தாவதாக வந்தார். என்னைக் கவர்வது பதக்கத்தைவிட அந்த ஏழு ஆண்டுகள்தான்.

ஏனென்றால் தொடங்குவது இலகு, தொடர்வதுதான் கஷ்டம். முதல் மூன்று நான்கு மாதங்களில் பாரம் கிழமைக்குக் கிழமை கூடும், உற்சாகமாக இருக்கும். பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். அரைக் கிலோ கூட்ட இரண்டு மாதம் செல்லும். பலர் விடுவது இந்த இடத்தில்தான். நின்றுவிட்டது தோல்வியல்ல, உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிட்டது என்றே பொருள். அப்போது சற்றுக் குறைத்து, மெல்ல மெல்ல மீண்டும் ஏற வேண்டும். வெங்காய அறுவடைக் காலத்திலும் பிள்ளையின் பரீட்சைக் காலத்திலும் விரத நாட்களிலும் குறைத்துச் செய்யுங்கள். ஒரு மாதம் விட்டுப்போனால் பாதிப் பாரத்தில் தொடங்கலாம். முதல் முறை எடுத்த காலத்தைவிட விரைவாகப் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதியையும் தூக்கிய அளவையும் எழுதி வையுங்கள். இரண்டு பேராகச் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, ஒருவர் சோரும் நாளில் மற்றவர் கூப்பிடுவார்.

ஊர்க்கதை வரும். கணவனை இழந்தவள் பாரம் தூக்கிப் பழகுகிறாளாம் என்பார்கள். அவளே சீமெந்துப் பை தூக்கிக் கூலிக்குப் போனபோது அப்படிக் கதைத்தவர் எவருமில்லை. உழைப்பதற்குத் தூக்கலாம், தன் உடம்புக்காகத் தூக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. தசை பிதுங்கி ஆண்பிள்ளை போல ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். பெண்ணின் ஓமோன்கள் அதற்கு இலகுவில் விடாது.

ஆனால் சிலர் கட்டாயம் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள், கருப்பை இறக்கம் உள்ளவர்கள், அண்மையில் சத்திர சிகிச்சை செய்தவர்கள், முன்பு எலும்பு முறிந்தவர்கள். கருப்பை இறக்கத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு தூக்காதீர்கள். சாப்பாட்டில் பயறு, கடலை, முட்டை, சூடை மீன் ஏதாவது ஒன்று நாளாந்தம் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு வைத்தது போக மிஞ்சியதைத் தின்றுவிட்டுத் தூக்க முடியாது.

போட்டியில் பயன்படுத்தும் இரும்புத் தண்டு மட்டும் 20 கிலோ. அது உடனே தேவையில்லை. பிடியுள்ள பிளாஸ்ரிக் தண்ணீர்க் கான் ஒன்று போதும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தராசும் வேண்டாம். ஐந்து லீற்றரில் தொடங்குங்கள். கால்களுக்கு நடுவே கானை வைத்து, நாரியை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடித்துப் பிடித்து, பாதத்தால் நிலத்தை அமத்தி எழும்புங்கள். ஐந்து தரம், பிறகு ஓய்வு, இப்படி மூன்று முறை. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்காமல் எழும்பும்போது வெளியே விடுங்கள். அடுத்த கிழமை அரை லீற்றர் கூட்டுங்கள். அரைகுறையாக நிரப்பிய கானில் தண்ணீர் தளம்பி ஆளைச் சரிக்கும், அதற்கு மணலும் தண்ணீரும் கலந்து நிரப்பலாம், ஆனால் அப்போது நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். பிடியைப் பழைய சேலைத் துண்டால் சுற்றிக் கட்டினால் உள்ளங்கை கொப்பளிக்காது.