தண்ணீர் காட்டும் வேளை

தாராபுரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, பத்தாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி சென்ற மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். இருதயத்தின் படத்தைப் பிழையில்லாமல் வரைந்து, அதன் கீழே அவள் கேட்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: "இருதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருக்கிறதே, அப்படியிருக்க, ரத்தம் கிடைக்காமல் இருதயம் கெட்டுப்போகிறது என்று டாக்டர்கள் சொல்வது எப்படி?" நாற்பது வருஷத்துக்கு மேலாக என்னை வியப்பில் ஆழ்த்திவரும் விஷயமும் அதுவே ஆதலால், நான்கு அறைகளையும் வால்வுகளையும் அவளுடைய பாடப் புத்தகத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, அந்த ஒரு கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவளையின் இருதயத்திலுள்ள கீழறை, கடற்பஞ்சைப்போல் இண்டும் இடுக்குமாக அமைந்திருப்பதால், உள்ளே வரும் ரத்தமே தசைநார்களினிடையே புகுந்து அவற்றுக்கு நேரடியாக ஆகாரம் ஊட்டிவிடுகிறது. தாயின் கர்ப்பத்தில் உருவெடுக்கத் தொடங்கும் மனித இருதயமும் ஆரம்ப நாட்களில் ஏறக்குறைய இத்தகையதே. ஆனால் வளர்ந்த மனிதனுடைய இடது கீழறையின் சுவரோ, சுமார் 1 சென்டிமீட்டர் கனத்துக்குத் தடித்து, நெருங்கி இறுகிய தசையாகிவிடுவதால், உள்ளே ததும்பி நிற்கும் ரத்தம் அச்சுவரின் மேற்பூச்சைத் தாண்டி ஊற வழியில்லை. நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைச் சரீரமெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த உறுப்பு, தனக்கு வேண்டியதை வெளிவழியாகவே பெற வேண்டியிருக்கிறது. மகாதமனி இருதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில், அதன் வாசல் வால்வின் இதழ்களுக்குச் சற்று மேலே இருக்கும் இரண்டு சிறு துவாரங்களிலிருந்து புறப்படும் தமனிகள் இரண்டும், இருதயத்தின் வெளிப்புறத்தை ஒரு கிரீடம்போலச் சூழ்ந்து படர்ந்து, தம் கிளைகளைச் சுவருக்குள் இறக்குகின்றன. கிரீடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அவற்றுக்குக் 'கரோனரி' என்ற பெயர் வந்தது.

இனித்தான் விசித்திரம் இருக்கிறது. மற்ற உறுப்புகளெல்லாம் இருதயம் சுருங்கி ரத்தத்தை உந்தும்போது அதிகமாகப் பெற்றுக்கொள்ள, அவ்வளவையும் உந்துகிற இடது கீழறை மட்டும் அந்த க்ஷணத்தில் பெரும்பாலும் பட்டினியாக இருக்கிறது. ஏனெனில், சுருங்கும் தசை தனக்குள் ஓடும் நாளங்களைத் தானே நெரித்துவிடுகிறது. சுருக்கம் தீர்ந்து, தசை தளர்ந்து, வாசல் வால்வு மூடிக்கொண்ட பிறகு, மகாதமனியில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தினால் ரத்தம் அந்த இரண்டு துவாரங்களின் வழியே இறங்கி இருதயச் சுவரை நனைக்கிறது. நெரிசல் மிகுதியாக இருப்பது சுவரின் உட்புறத்தில் ஆகையால், ஆகாரம் குறையும்போது முதலில் வாடுவதும், உள்ளே நிறைந்த ரத்தத்தை ஒட்டியே கிடக்கும் அந்த உள்ளடுக்குத்தான்.

இதை நினைக்கும்போதெல்லாம், என் பாட்டனாருடைய தோட்டத்துக் கவலை ஏற்றம் என் கண்முன் வந்து நிற்கும். காங்கேயம் காளைகள் இரண்டும் கிணற்றுக்கு முதுகைக் காட்டியபடி, வடம் விறைக்கச் சரிவில் இறங்கிச் செல்லும். அவற்றின் பின்னால், சால் மேலேறித் தண்ணீர் சளசளவென்று தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் ஓடும். வயலெல்லாம் நனையும், நுகத்தில் பூட்டிய காளைகளுக்கோ இழுக்கும்போது ஒரு மடக்குக் குடிக்க முடியாது. வெயில் ஏறியதும் பாட்டனார் நுகத்தடியைக் கழற்றி, அவற்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்து, தொட்டிக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் காட்டுவார்; எத்தனை அவசரமான பாய்ச்சலானாலும் அந்த வேளையை அவர் ஒரு நாளும் குறைத்ததில்லை. காளைக்கு நாளில் இரண்டு மூன்று முறை தண்ணீர் காட்டினால் போதும். இருதயத்துக்கோ ஒவ்வொரு சாலுக்கும் ஒரு முறை காட்டியாக வேண்டும்.

அந்த வேளையின் அளவையும் பார்ப்போம். நாடி நிமிஷத்துக்கு 75 முறை துடிக்கையில், ஒரு துடிப்புக்கு ஆகும் 0.8 விநாடியில் கீழறை சுருங்கியிருப்பது சுமார் 0.27 விநாடி, தளர்ந்திருப்பது 0.53 விநாடி. பிறந்தது முதல் ஓயாமல் உழைப்பது என்று நாம் புகழும் இருதயம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 மணி நேரத்தை இப்படித் துளித்துளியான ஓய்வாகச் சேர்த்துக்கொள்கிறது. துடிப்பு 200 ஆக ஏறும்போது, சுருங்கும் பொழுது 0.16 விநாடியாகக் குறைய, தளரும் பொழுதோ 0.14 விநாடிக்கு, அதாவது பழைய அளவில் கால் பங்குக்கு, இறங்கிவிடுகிறது. வேலை பெருகும் சமயத்திலேயே உண்ணும் வேளை சுருங்குகிறது என்று பொருள். போதாததற்கு, சரீரத்தின் மற்றப் பகுதிகள் தம்மிடம் வரும் ரத்தத்திலுள்ள பிராணவாயுவில் சராசரியாகக் கால் பங்கை எடுத்துக்கொள்ள, இருதயத் தசையோ சும்மா இருக்கும்போதே முக்கால் பங்குக்கு அருகில் எடுத்துவிடுவதால், வேண்டும்போது கூடுதலாகப் பிழிந்துகொள்ள அதில் மிச்சம் அதிகமில்லை. ரத்தத்தின் வரவுதான் பெருக வேண்டும். ஆரோக்கியமான கரோனரி நாளங்கள் நான்கைந்து மடங்கு ரத்தம் பாயும்படி விரிந்துகொடுத்து இதை ஈடுசெய்துவிடும். உட்சுவரில் கொழுப்புப் படிந்து குறுகிப்போன நாளத்துக்கு அந்தச் சக்தி இல்லை.

லண்டனில் வைத்தியம் செய்த வில்லியம் ஹெபர்டன் என்பவர், 1768ஆம் வருஷத்தில் ஒருவகை நெஞ்சு நோவைப் பற்றிச் சக வைத்தியர்களிடையே ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவு உண்டபின் நடக்கும்போதும், மார்பை இறுக்கிப் பிடிக்கும் அந்த நோவு, நோயாளி அசையாமல் நின்ற மாத்திரத்தில் மறைந்துவிடுகிறது என்று அவர் குறித்துவைத்தார். அதன் காரணத்தை அவர் கண்டுபிடிக்கவில்லையாயினும், நின்றதும் மறைகிறது என்ற அந்த ஒரு குறிப்பில் காரணம் முழுவதும் அடங்கியிருக்கிறது: கால்கள் நின்றதும் நாடி இறங்குகிறது, நாடி இறங்கியதும் ஓய்வு நீள்கிறது, பட்டினி கிடந்த தசைக்கு ஆகாரம் வந்துசேர்கிறது. அந்த வேளையையே மருந்தாக்கும் வழிகளும் பிற்காலத்தில் வந்தன. நாடியைத் தணித்து ஓய்வை நீட்டும் மாத்திரைகள் உண்டு. தளர்ந்துபோன இருதயத்துக்குத் துணையாக மகாதமனியில் ஒரு மெல்லிய பலூனைச் செலுத்தி, இருதயம் ஓய்ந்திருக்கும் க்ஷணத்தில் மாத்திரம் அதை உப்பச் செய்து, கரோனரித் துவாரங்களை நோக்கி ரத்தத்தைத் தள்ளிவிடும் முறையை நியூயார்க்கில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் என்ற சிகிச்சை நிபுணர் 1967ல் முதன்முதலாக நோயாளிகளிடம் கையாண்டார்.

இத்தனையும் அறிந்த காலத்தில்தான் என் சித்தப்பாவை இழந்தேன். கிருத்திகைதோறும் சென்னிமலைப் படியேறும் வழக்கமுடைய அவர், பாதி மலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும், சற்றைக்கெல்லாம் சரியாகி மேலே ஏறுவதுமாகச் சில மாதங்கள் கழிந்தன. "வாயுத் தொல்லை" என்று அவரும் சொன்னார், வீட்டாரும் சொன்னோம். ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்தோம். உட்கார்ந்ததும் சரியாகிவிட்டதே என்று நாங்கள் எதைக் கண்டு ஆறுதல் அடைந்தோமோ, அதுவேதான் நோயின் அடையாளம். ஒரு நாள் விடியற்காலையில், உட்கார்ந்தும் தீராத வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓய்வு வேண்டும் என்றதும் உழைப்பைக் கைவிட வேண்டும் என்று யாரும் கொள்ளலாகாது. நாள்தோறும் நடந்து பழகியவனுடைய இருதயம் மற்ற நேரங்களில் நிதானமாகத் துடிக்கக் கற்றுக்கொள்வதால், அதன் ஓய்வு நீண்டு, ஆகாரமும் பெருகுகிறது. புகையிலைப் புகையோ துடிப்பை விரைவுபடுத்தி ஓய்வைக் களவாடுவதோடு, நாளங்களையும் சுருக்கி, ரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தில் நச்சுவாயுவையும் உட்காரவைக்கிறது. தண்ணீர் காட்டாமல் காளையை ஓட்டுகிறவனை ஊரார் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். தன் இருதயத்தை அப்படி ஓட்டுகிறவனைக் கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

குழந்தாய், உன் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். அதற்குப் பிரதியாக நீ ஒன்று செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, படியேறும்போது பாதியில் நின்று, மார்பைத் தடவிக்கொண்டு, பிறகு ஒன்றுமில்லை என்று சொல்லி மேலே நடக்கும் பெரியவர் எவரேனும் இருந்தால், அவருக்கு ஓமத் தண்ணீர் கொண்டுவராதே. கையைப் பிடித்து அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல். உட்கார்ந்தும் வலி விடாவிட்டால், ஒரு நிமிஷமும் காத்திருக்கவேண்டாம் என்று சொல்.