இரண்டு மருந்துகளுக்கு இடைப்பட்ட நேரம்

1940ஆம் ஆண்டின் இறுதியில், பெனிசிலின் இன்னும் பொதுமக்கள் கைக்கு எட்டாதிருந்த காலத்தில், நிமோனியா கண்டவர்களை மீட்பதற்கு வைத்தியர்கள் பெரிதும் நம்பியிருந்த ஔஷதங்களுள் ஒன்றான சல்பாதயசோல் மாத்திரையை உண்ட அமெரிக்க நோயாளிகள் சிலர், காய்ச்சல் தணிந்து எழுந்து உட்காருவதற்குப் பதிலாக, எழுப்பவொண்ணாத நித்திரையில் ஆழ்ந்தார்கள். வின்த்ராப் கெமிக்கல் என்னும் நிறுவனம் விற்ற அந்த மாத்திரைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒரு பகுதியில் பீனோபார்பிட்டால் என்ற துயில் மருந்து, ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவைவிட மிகுதியாகச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. சல்பா மருந்தையோ ஒரு வேளைக்குப் பல மாத்திரைகளாக விழுங்கச் சொல்வது அன்றைய வழக்கம். மாண்டோரும் பாதிக்கப்பட்டோருமாக ஏறக்குறைய 300 பேர் என்பது கணக்கு.

சதி ஏதும் நடக்கவில்லை. இரண்டு மருந்துக்கும் மாத்திரை அடிக்கும் யந்திரங்கள் ஒரே கூடத்தில் இருந்தன. இதில் ஓடியது அதிலும், அதில் ஓடியது இதிலும் ஓடலாம் என்ற நிலைமை. எந்த யந்திரத்தில் எது ஓடியது என்பதற்குச் சரியான கட்டுப்பாடு இல்லை. அவ்வளவுதான். மருந்து உற்பத்திக்கென்று தனி ஒழுங்குமுறை வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்க அரசாங்கத்துக்கு உறைத்தது இந்த விபரீதத்தினால்தான் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அது முறையான விதிகளாக வெளிவர 1963 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

மருந்துத் தொழிற்சாலையில் அபாயம் மிகுந்த நேரம் எது என்று கேட்டால், கொதிகலனும் அமிலமும் நம் நினைவுக்கு வரலாம். தொழில் தெரிந்தவர்களோ, யந்திரங்கள் யாவும் ஓய்ந்து, ஒரு மருந்து முடிந்து அடுத்த மருந்து தொடங்காத அந்த இடைவேளையைத்தான் சொல்வார்கள். அப்போது செய்யும் காரியத்துக்கு 'லைன் கிளியரன்ஸ்' என்று பெயர். பழைய பேட்சின் மாத்திரை, தூள், லேபிள், அட்டைப்பெட்டி, குறிப்புத்தாள் ஆகிய எதுவும் அந்த அறையில் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே புதிய பேட்சின் முதல் டிரம் உள்ளே வரலாம்.

இருப்பதை இருக்கிறது என்று காட்டுவது சுலபம். இல்லாததை இல்லை என்று நிரூபிப்பதோ பெரும் பிரயாசை. மாத்திரை அடிக்கும் யந்திரத்தின் சுழலும் தட்டில் 'டை' என்னும் அச்சுக்குழிகள் முப்பது நாற்பதும், ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழுமாக 'பஞ்ச்' என்னும் அழுத்துகோல்கள் ஒரு ஜோடியும் இருக்கும். அத்தனையையும் கழற்றி, எண்ணி, கழுவித் துடைத்து, தூள் கொட்டும் ஹாப்பரையும் இறக்கி, தூசி உறிஞ்சும் குழாயின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பின்பும், கன்வேயர் பட்டையின் அடியிலோ, யந்திரத்தின் பின்புறத்தில் கை நுழையாத இடுக்கிலோ ஒரு மாத்திரை ஒளிந்துகொண்டிருக்கும். அடுத்து ஓடும் மாத்திரையும் அதே வெண்மையும் அதே வட்டமுமாக இருந்துவிட்டால், அதைக் கண்டுபிடிக்கக் கண் போதாது.

கண்ணுக்குத் தெரிவதை நீக்கிய பிறகும் தெரியாதது மிச்சமிருக்கிறது. வெங்காயம் நறுக்கிய அரிவாள்மணையைக் கழுவிய பிறகும் அதில் அரிந்த மாம்பழம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மருந்து விஷயத்தில் அவ்வாறு எச்சரிக்க வாசனைகூட இல்லை. ஆகவே, கழுவிய உலோகப் பரப்பில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தை ஈரப் பஞ்சுக் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாக ஒற்றியெடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். எவ்வளவு மிச்சம் இருந்தால் மன்னிக்கலாம் என்பதற்கு, எலி லில்லி நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1993இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் வெகுகாலம் பிரமாணமாக இருந்தது: முந்திய மருந்தின் மிகச் சிறிய வேளை அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல், அடுத்த மருந்தின் ஒரு நாள் அளவில் கலக்கலாகாது. முந்தியது ஐந்து மில்லிகிராம் மருந்தானால், ஐந்து மைக்ரோகிராமே எல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல், எல்லா மருந்துக்கும் ஒரே விகிதம் என்பதை விட்டு, அந்தந்த மருந்தின் நச்சுத் தன்மையைக் கொண்டே எல்லையை நிர்ணயிக்க வேண்டும் என்று வகுத்தது. பெனிசிலினுக்கோ எந்த எல்லையும் செல்லாது. அணுவளவு பட்டாலும் சிலருக்குப் பிராணாபாயம் நேரும் என்பதால் அதற்குத் தனிக் கட்டிடமும் தனிக் காற்று வசதியுமே அமைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கெடுபிடியெல்லாம் மிகை என்று எண்ணுவோருக்கு 2007இல் ஷாங்காய் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹுவாலியன் என்ற நிறுவனத்தின் தொழிற்சாலையில், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தின் மிச்சத் திரவம், அடுத்துத் தயாரித்த மெத்தோட்ரெக்சேட் முதலிய ஊசி மருந்துகளில் கலந்துவிட்டது. வின்கிரிஸ்டின் இரத்தக்குழாயில் சென்றால் மருந்து, முதுகுத்தண்டு நீரில் சென்றால் நஞ்சு. மெத்தோட்ரெக்சேட்டையோ இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு முதுகுத்தண்டிலேயே செலுத்துவதுண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் கால் வலியும் தளர்ச்சியும் முடக்கமும் கண்டார்கள்.

உள்ளே இருக்கும் மருந்து சுத்தமாக இருந்தும் மேலே ஒட்டிய பெயர் மாறினால் பலன் அதேதான். 2019இல் ஸ்பெயின் தேசத்தில், வயிற்று அமிலத்துக்காக ஓமெப்ரசோல் கொடுக்கப்பட்ட சிசுக்களின் உடம்பெங்கும் ரோமம் முளைத்தது. வழுக்கைக்குப் பூசும் மினாக்சிடில், ஓமெப்ரசோல் என்ற பெயரில் மருந்துக்கடைகளுக்குப் போயிருந்தது. இத்தகைய பிழை நேராமலிருக்கத்தான் பாக்கிங் பகுதியில், வாங்கிய லேபிள் இத்தனை, ஒட்டியது இத்தனை, கிழிந்தது இத்தனை என்று கணக்குப் பார்க்கிறார்கள். பேட்ச் எண் அச்சிட்ட பிறகு மீந்தவற்றை மறுபடி ஸ்டோருக்கு அனுப்பாமல் அழித்துவிடுகிறார்கள்.

துடைத்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்பது விதி. ஆனால் உற்பத்தி தாமதமாகிறதென்று மேலிருந்து நெருக்கும்போது, இரண்டாமவர் மேஜையை விட்டு எழாமலே கையெழுத்திட்டால், அது ஒருவர் பார்த்ததைவிட மோசம். தமக்குப் பின்னால் இன்னொருவர் பார்ப்பார் என்று முதலாமவரும் சற்று அசட்டையாக இருந்திருக்கக்கூடும். காகிதத்தில் இரண்டு ஜோடிக் கண்கள், அறையில் பூஜ்யம். என் அபிப்பிராயத்தில், மருந்தின் சூத்திரத்தை அறிந்த ரசாயன நிபுணருக்கு அளிக்கும் கௌரவத்தில் ஒரு பங்கையாவது, ஷிப்ட் முடிகிற வேளையில் யந்திரத்தின் அடியில் குனிந்து பார்க்கும் தொழிலாளிக்கும், 'இன்னும் சுத்தமாகவில்லை' என்று சொல்லி லைனை நிறுத்திவைக்கும் இளம் அதிகாரிக்கும் நிர்வாகம் அளிக்க வேண்டும்.

நம் நாட்டில் இவற்றை விதிப்பது மருந்து விதிகளின் 'எம்' அட்டவணை. 2023 டிசம்பரில் அது திருத்தி வெளியிடப்பட்டது. வாங்குகிற நாமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டையில் ஒன்று மட்டும் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், விழுங்கவும் வேண்டாம், குப்பையில் எறியவும் வேண்டாம். அட்டையை அப்படியே மருந்துக்கடையிலோ மருந்து ஆய்வாளரிடமோ கொடுத்தால், அதன் விளிம்பில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணைக் கொண்டு, அது எந்த நாளில் எந்த லைனில் ஓடியது, அதற்கு முன் அங்கே எது ஓடியது என்பதைத் தொழிற்சாலையின் பதிவேட்டில் தேடிப் பிடிக்கலாம்.