தாத்தாவின் பெட்டியில் பழைய ரிவால்வர் இருந்தால் என்ன செய்வது? சட்டம், தோட்டா, கைப்பிடி: ஒரு விளக்கம்

ஊரில் பூர்வீக வீட்டை விற்கப் போகிறீர்கள். பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தால், பழைய பத்திரங்களுக்குக் கீழே காக்கித் துணியில் சுற்றிய ஒரு கனமான பொருள். பட்டாளத்தில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் ரிவால்வர்.

"நூறு வருஷத்துப் பழசு, ஆன்டிக்தானே, ஷோகேஸ்ல வெச்சுக்கோ" என்று உறவினர் யாராவது சொல்வார். நம்பிவிடாதீர்கள். இந்தியச் சட்டத்தில் துப்பாக்கியின் வயது உங்களைக் காப்பாற்றாது.

அது என்ன துப்பாக்கி?

பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் ஏற்றுக்கொண்ட வெப்லி ரிவால்வராக இருக்க வாய்ப்பு அதிகம். மார்க் 1 தொடங்கி, 1915-ல் வந்த மார்க் 6 வரை ஆறு முக்கிய வடிவங்கள் உண்டு. சிலிண்டருக்கு மேலே உள்ள பட்டையில், இடது பக்கம், ரோமன் எண்ணில் மார்க் எண் பொறித்திருக்கும்.

மார்க் 6-ன் எடை சுமார் 1.1 கிலோ. ஆறு தோட்டா. இடது பக்க நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் முன்பக்கமாக மடங்கும், சிலிண்டரில் இருக்கும் தோட்டாக்கள் தானாக வெளியே தள்ளப்படும். இதன் அளவு .455 அங்குலம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், சிக்கலே இதில்தான்.

பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45-ல் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த வகை, தொல்பொருள் மதிப்புள்ளது அல்லது பழுதானது என்ற ஆயுதங்களுக்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு நிபந்தனை: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும்.

துருப்பிடித்து, ஸ்பிரிங் உடைந்து கிடந்தாலும், ஒரு மெக்கானிக் சரிசெய்து சுட முடியும் என்றால் அது முழு அர்த்தத்தில் துப்பாக்கிதான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 வரை தயாரானவற்றை 'ஆன்டிக்' என்று ஒதுக்குகிறது. இந்தியாவில் அப்படி ஓர் ஆண்டுக் கோடு கிடையாது.

.455 ஏன் தனிச் சிக்கல்?

ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது பிரிட்டிஷ் காலம் முதல் தொடரும் கொள்கை. அதனால் .380, .455, ராணுவ 9 மி.மீ. தோட்டாக்களைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. கான்பூரில் அரசு ஆலை தயாரித்து, சாதாரண லைசென்ஸில் விற்கும் ரிவால்வர்கள் .32 அளவில் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

தடை செய்யப்பட்ட வகைக்கு உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர் அல்ல, மத்திய உள்துறை அமைச்சகம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. ஷோகேஸ் அலங்காரத்துக்கு இது பெரிய விலை.

தாத்தாவிடம் லைசென்ஸ் இருந்ததே?

உரிமம் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. அவர் இறந்ததும் அது தானாக உங்கள் பெயருக்கு வராது. ஆயுத விதிகள் 2016-ன் 25-வது விதிப்படி சட்டபூர்வ வாரிசு புதிதாக விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் உயிரோடு இருந்தால், அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசை முன்மொழியலாம்.

பரம்பரைச் சொத்தாக வந்தாலும், ஒருவர் பெயரில் மொத்தம் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இல்லாத பழைய புத்தக லைசென்ஸ் இப்போது செல்லாது.

சரி, இப்போ என்ன பண்றது?

முதலில், அதை வைத்து விளையாட வேண்டாம். விசையை இழுத்துப் பார்ப்பது, இன்ஸ்டாவில் போட்டோ போடுவது இரண்டுமே வேண்டாம். தோட்டா இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு, குழல் யாரையும் நோக்காதபடி விட்டுவிடுங்கள். துருப்பிடித்த நெம்புகோலை பலவந்தமாகத் தள்ளாதீர்கள்.

இரண்டாவது, பையில் போட்டு பஸ் ஏறி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாதீர்கள். உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்வதும் குற்றமே. ஒரு வழக்கறிஞரிடம் பேசி, காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று எழுதுங்கள். தாத்தாவின் பழைய உரிமம், இறப்புச் சான்றிதழ் நகல்களை இணையுங்கள்.

பிரிவு 21-ன்படி, வைத்திருக்கும் உரிமை முடிந்த ஆயுதத்தைத் தேவையற்ற தாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ரசீது கட்டாயம் வாங்குங்கள். ஒப்படைத்த பிறகும் வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். நீண்ட காலம் அப்படியே விட்டால் அரசு பறிமுதல் செய்யலாம்.

எந்தத் தோட்டா பொருந்தும்?

அமைச்சகத்தின் உரிமம் கையில் இருப்பவருக்கும், இதே ரிவால்வரைச் சட்டப்படி வாங்கக்கூடிய நாட்டில் இருக்கும் உங்கள் நண்பருக்கும் இந்தப் பகுதி.

.455 வெப்லி, மெதுவாகப் போகும் கனமான ஈயக் குண்டுக்காக வடிவமைத்தது. மார்க் 2 தோட்டாவின் குண்டு 265 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 17 கிராம். அதன் அடிப்பகுதி குழிவாக இருக்கும். இந்த ரிவால்வரில் சிலிண்டரின் வாய் குறுகல், குழல் அதைவிடச் சற்று அகலம். சுடும்போது குழிவான மென் ஈயம் விரிந்து குழலை நிரப்புகிறது. கெட்டியான, தட்டை அடி கொண்ட குண்டு அப்படி விரியாது, அதனால் குறி தப்பும்.

பெரிய ஆபத்து வேறு. உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன பல வெப்லிகளின் சிலிண்டர் பின்பக்கத்தைச் சீவி, .45 ஏசிபி தோட்டா போடும்படி மாற்றினார்கள். தோட்டா பொருந்தும். ஆனால் சாதாரண .45 ஏசிபி தரும் அழுத்தமே இந்த ரிவால்வரின் சோதனை அழுத்தத்தைத் தொடும் அல்லது தாண்டும். சிலிண்டர் வெடித்தால் கை போய்விடும். 'உள்ளே போகுது, அப்போ சரி' என்பது இங்கே செல்லாது. ஆரம்பகால மார்க்குகள் கருமருந்துக்காகச் செய்தவை என்பதால் அவற்றுக்குக் கூடுதல் கவனம் தேவை.

சுட்ட கூடுகளில் மீண்டும் மருந்து நிரப்புவது அமெரிக்காவில் சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவில் தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். யூடியூப் பார்த்து வீட்டில் முயல்வது இரட்டைக் குற்றம், இரட்டை ஆபத்து.

கைப்பிடியை மாற்றலாமா?

மார்க் 5 வரை கைப்பிடி பறவைத் தலை போல வளைந்திருக்கும். மார்க் 6-ல்தான் சதுர அடி வந்தது. இருபக்கத் தகடுகளும் வல்கனைட், அதாவது கெட்டிப்படுத்திய ரப்பர். வெயில் பட்டால் கறுப்பு நிறம் பழுப்பாகும், ஓரங்கள் நொறுங்கும். எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், சூடாக்காதீர்கள்.

மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால், மார்க் எண்ணுக்குப் பொருந்தும் தகட்டையே தேடுங்கள். பிடித்துப் பார்க்கும்போது ஆள்காட்டி விரலின் நுனி விசையைச் சிரமமில்லாமல் எட்ட வேண்டும். சிறிய கைக்குத் தடித்த மரப்பிடி அழகாக இருக்கும், உதவாது. பழைய தகட்டை உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். துப்பாக்கியின் மதிப்பில் அதற்கும் பங்கு உண்டு.

தகடு வெள்ளையாக, மெல்லிய கோடுகளோடு இருந்தால் அது தந்தமாக இருக்கலாம். அப்படியென்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ம் உள்ளே வருகிறது. அதைக் கழற்றித் தனியாக விற்க நினைக்காதீர்கள்.

குடும்ப நினைவு போய்விடுமே என்று தோன்றலாம். தாத்தாவின் பணிப் பதிவேடு, பதக்கம், அந்த லைசென்ஸ் புத்தகம் எல்லாம் உங்களிடமே இருக்கும். அவர் கதையைச் சொல்ல அவை போதும். ரிவால்வரைப் பொறுத்தவரை, உங்கள் கையில் இருக்க வேண்டியது அமைச்சகத்தின் உரிமம், இல்லையென்றால் ஒப்படைத்த ரசீது.