டாக்டர் வேஷத்தில் அப்பா

பிக்காசோ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கண் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கமாக இருக்கும் முகங்கள்தானே? "இதை நானே வரைஞ்சிடுவேன்" என்று நம்மில் பலர் கிண்டல் அடித்திருப்போம். ஒரு நிமிஷம், 1897-இல் அவர் வரைந்த ‘அறிவியலும் கருணையும்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்க. அப்போது அவருக்கு வயது 15!

சுமார் 2 மீட்டர் உயரம், 2.5 மீட்டர் அகலம். படுக்கையில் ஒரு நோயாளிப் பெண். ஒரு பக்கம் டாக்டர். ஒரு கையால் நாடி பிடித்தபடி, மறு கையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறார். மறுபக்கம் ஒரு கன்னியாஸ்திரி. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, நோயாளிக்குக் கோப்பையை நீட்டுகிறார். எல்லாம் அச்சு அசலாக இருக்கும்.

அந்த டாக்டர் நிஜத்தில் டாக்டர் இல்லை. பிக்காசோவின் அப்பா ஹோசே ரூயிஸ். அவரும் ஓவியர்தான். புறாக்களை விரும்பி வரைந்தவர். பிழைப்புக்கு ஓவிய ஆசிரியர் வேலை. 1895-இல் பார்சிலோனா நுண்கலைப் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. அதே பள்ளியில் மகனும் சேர்ந்தான். மகன் தனியாக உட்கார்ந்து வரைய, அப்பாவே ஒரு ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். அங்கேதான் இந்த ஓவியம் உருவானது.

அப்பாவிடம் ஒரு தெளிவான திட்டம் இருந்தது. பெரிய கருப்பொருள், பெரிய கண்காட்சி, பரிசு, அப்புறம் நிலையான பேர். நல்ல மார்க், நல்ல காலேஜ், கேம்பஸ் வேலை என்று நம்ம வீட்டில் போடுகிற ரூட் மாதிரியேதான்.

திட்டம் பலித்தது. மாட்ரிட் கண்காட்சியில் இந்த ஓவியத்துக்குச் சிறப்புக் குறிப்பு. சொந்த ஊரான மலகாவில் தங்கப் பதக்கம். அதே ஆண்டு மாட்ரிட்டில் பேர்பெற்ற சான் பெர்னாண்டோ அகாடமியில் இடமும் கிடைத்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே பையன் கிளாஸுக்கு மட்டம் போட ஆரம்பித்தான். பிராடோ அருங்காட்சியகம், தெருக்கள் என்று சுற்றி வரைந்தான். சில வருஷத்தில் கையெழுத்திலிருந்து அப்பாவின் ‘ரூயிஸ்’ போய், அம்மா வழிப் பெயரான ‘பிக்காசோ’ மட்டும் நின்றது.

"அப்பா பேச்சை மீறினார், ஜெயித்தார்" என்று இதற்கு ஸ்டேட்டஸ் போட்டுவிடலாம். ஆனால் அந்த டாக்டரின் கையையும் கடிகாரத்தையும் இன்னொரு தடவை பாருங்க. 15 வயசில் அந்தக் கை வந்தது எப்படி? சின்ன வயசிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர் அந்த டாக்டர் வேஷக்காரர்தான். பின்னாளில் முகத்தை உடைத்து வரைய, முதலில் முகம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

அப்பா 1913-இல் இறந்துவிட்டார். அதற்குப் பல வருஷம் கழித்து, புகைப்படக்காரர் பிரஸ்ஸாயிடம் பிக்காசோ ஒரு விஷயம் சொன்னார்: எந்த ஆணை வரைந்தாலும், தன்னையும் அறியாமல் அப்பா ஞாபகம்தான் வருகிறதாம். கையெழுத்திலிருந்து எடுத்துவிட்ட மனுஷன், கோட்டிலிருந்து போகவே இல்லை.

குடும்பத்திடம் இருந்த இந்த ஓவியத்தை பிக்காசோ 1970-இல் பார்சிலோனாவிலுள்ள தன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். இன்றைக்கும் அப்பா அங்கே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். போனில் பார்க்கும்போது அவர் முகத்தைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க.