டர்போ எஞ்சினில் தீப்பொறி ஏன் தாமதிக்க வேண்டும்?

புதிதாக டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சினுக்குள் அழுத்தப்பட்ட காற்று சூடாகவே நுழைவதால், தீப்பொறி மூட்டிய தழல் பரவி முடியும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ நேர்ந்து பிஸ்டன் உடையக்கூடும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் மதுரையில், கே.கே. நகர் நெரிசலில் ஊரும் காரில், அந்தச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் குறைவதால் இந்த அபாயம் மேலும் கூடும்.

ஆகவே எஞ்சின் கணினியில் முதலில் டர்போ அழுத்தத்தைக் குறைத்து, எரிபொருளைத் தாராளமாகவும், எரிதலின் உச்ச அழுத்தம் தணியும்படி தீப்பொறியைத் தாமதமாகவும் அமைத்து, புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரியைக் கவனித்தபடி சிறுகச் சிறுக மாற்றுவதே முறை. தூய பெட்ரோலின் ஒரு பங்கு முழுதாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை. முழு அழுத்தத்தில் இதை ஏறத்தாழ 11.5 ஆக இறக்கினால், மிகை எரிபொருள் ஆவியாகிக் கலவையைக் குளிர்விக்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இக்கணக்கு மாறுவதால், அயல்நாட்டு அமைப்பை அப்படியே ஏற்றுவது அறிவீனம். டர்போ பொருத்துமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.